நடுத்தெருவில் நின்ற வீடு

லெமுவல் ஹாட்ச் குளவிப்பள்ளத்துக்குத் தலைவரான அன்று அவர் ஊரிலேயே இல்லை. பீப்பாய் செய்ய ஓக் மரம் வெட்டுவதற்காக மலைமேல் போயிருந்தார். கீழே தங்கம் தோண்டுகிறவர்கள் எல்லாரும் கூட்டம் போட்டு, யாரைத் தலைவராக வைப்பது என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்துக்காரன் பேரைச் சொன்னால் வேல்ஸ்காரன் எழுந்து குதிக்கிறான். மெக்சிகோக்காரன் பேரைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து குதிக்கிறார்கள். கடைசியில் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. இங்கே இல்லாதவன் எவனோ அவன் பேரைச் சொல்லுங்கள், அவன்மேல்தான் இன்றைக்கு யாருக்கும் கோபமில்லை என்று ஒருத்தன் சொல்ல, எல்லார் கையும் மேலே போனது. மரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்த ஹாட்சிடம் விஷயத்தைச் சொன்னபோது, சாப்பாடு மிச்சம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.

மனிதர் கிழக்குக் கடற்கரைக்காரர். திமிங்கில எண்ணெய்க்குப் பீப்பாய் செய்து பிழைத்த குடும்பம். கலிபோர்னியாவில் தங்கம் தரையிலேயே கிடக்கிறதாம் என்று ஒரு வருஷம் ஊரே கிளம்பியதே, அந்தக் கூட்டத்தில் இவரும் கப்பலேறி வந்தார். பனி உருகி வருகிற ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒரு பருவம் முழுக்க மண்ணை அலசினார். கிடைத்தது இருமல். ஆனால் சுற்றிலும் நிற்கிறவர்களின் தொட்டியும் வாளியும் ஒழுகுவதை அவருடைய கண் பார்த்துக்கொண்டே இருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்தவனின் வாளியைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுத்தார், அடுத்தவன் தன் வாளியை நீட்டினான், அதற்கப்புறம் அவர் ஆற்றில் இறங்கவே இல்லை.

தலையில் கட்டிவிட்ட பதவிதானே என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அப்போது குளவிப்பள்ளம் என்றால் கித்தான் கூடாரங்களும் பலகைக் குடிசைகளும் ஆளுக்கொரு திசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு பள்ளம், அவ்வளவுதான். இரண்டு முறை எரிந்து சாம்பலாகி மறுபடி முளைத்திருந்தது. ஹாட்ச் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து மேல்கோடி ஓக் மரத்திலிருந்து கீழ்க்கோடி மரப்பாலம் வரைக்கும் இழுத்துக் கட்டி, இதுதான் தெரு என்றார். கயிற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த கூடாரத்தையெல்லாம் நகர்த்தச் சொன்னார். நகர்த்துகிறவரைக்கும் விடமாட்டார். காலையில் வந்து சொல்வார், சாப்பிடும்போது வந்து சொல்வார், கோபப்படவும் மாட்டார், போகவும் மாட்டார். இந்த நச்சரிப்புக்கு நகர்த்தியே தொலைக்கலாம் என்று நகர்த்தினார்கள். அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பீப்பாய் தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பீப்பாய்க்காரன் சட்டம் போட்டால் வேறென்ன போடுவான் என்று சாராயக்கடை டோலன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஹாட்ச் எல்லா வாசலுக்கும் தானே பீப்பாய் செய்து, காசு வாங்காமல் உருட்டிவிட்டார். முதல் பீப்பாய் டோலன் வாசலுக்குத்தான் போனது.

பிற்பாடு இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தது, மணிக்கூண்டு வந்தது, சட்டைக்குக் கஞ்சி போட்ட நீதிபதிகூட வந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் ஹாட்ச்தான். ஆனால் ஆள் யார் என்று தெரிந்துகொள்ள அதெல்லாம் வேண்டாம். கோழி விஷயத்தைச் சொன்னால் போதும்.

அதற்கு முன்னால் கெசையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெசையா அவர் மனைவி. கணவன் கப்பலேறியபோது அவள் கூட வரவில்லை. எலும்பு நடுங்குகிற குளிரில் கூடாரத்தில் குடித்தனம் நடத்த என்னால் ஆகாது, ஊர் என்று ஒன்று உண்டானால் எழுதுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். தலைவரான பிறகு ஹாட்ச் எழுதினார். தெரு இருக்கிறது, தெருவில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது என்று எழுதினார். கெசையாவின் பதில் சுருக்கமாக வந்தது: புறப்படுகிறேன், வந்து பார்த்து ஊர் இல்லையென்றால் அதே வண்டியில் திரும்பிவிடுவேன். கெசையா சொன்னால் செய்கிறவள். அவளை அறிந்தவர்கள் அவள் வார்த்தையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீடு பொய்யில்லை. தெருவின் பாதித் தூரத்தில், ஓரமாக, தன் பட்டறையை ஒட்டி, ஹாட்ச் தன் கையாலேயே கட்டியிருந்தார். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, அடியில் கனமான இரண்டு உத்தரம். சாக்ரமென்டோ நகரத்திலிருந்து ஜன்னல் கண்ணாடியைப் பீப்பாய்க்குள் வைத்து, சுற்றிலும் அவரைக்கொட்டையைக் கொட்டிக் கோவேறு கழுதைமேல் கொண்டுவந்தார். கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்ததைப் பார்க்கவே நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அவரைக்கொட்டையை எல்லாரும் வேகவைத்துச் சாப்பிட்டார்கள்.

கெசையா வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலையில் ரெமெடியோஸ் அக்கா ஒரு கோழியை அறுத்தாள்.

இந்த அக்கா மெக்சிகோவில் சொனோரா பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்விட, சாப்பாட்டுக்கடை போட்டு ஊருக்கே சோள ரொட்டி தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கோழிகள் தெருவெல்லாம் தங்கள் பாட்டன் சொத்து மாதிரி மேயும். முட்டை போடாமல் ஏமாற்றிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து அறுத்து, இரைப்பையைக் கீறிப் பார்த்தால், கூழாங்கல்லுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகக் குருணை. அக்கா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். தங்கம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் காபிக்காக டோலன் பக்கத்திலேயே நின்றிருந்தான். டோலன் கண்ணில் பட்ட பிறகு ஊரில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்?

இன்னும் இரண்டு கோழியை அறுக்க வைத்தார்கள். இரண்டிலும் இருந்தது. நாலாவதைப் பிடிக்கப் போனபோது அக்கா கத்தியை அவர்கள் பக்கம் திருப்பினாள். "இனிமே ஒரு கோழிய தொட்டீங்கன்னா, நாளையிலேருந்து நீங்கதான் முட்டை போடணும்" என்றாள். அதற்கு மேல் யாரும் கிட்டே போகவில்லை.

போக வேண்டிய அவசியமும் இல்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டு டோலன் எல்லாருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னான். கோழி ஆற்றுக்குப் போகிறதா? போகவில்லை. மலை ஏறுகிறதா? ஏறவில்லை. பொழுதுக்கும் தெருவில்தானே கிளறுகிறது? அப்படியானால் தங்கம் எங்கே இருக்கிறது? எல்லாரும் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு எல்லா விஷயத்திலும் புத்தி உண்டு, மஞ்சளாக ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் அது கழன்று விழுந்துவிடும்.

சத்தம் கேட்டு ஹாட்ச் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது டோலன் தன் கடை வாசலிலேயே கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தான். இந்தத் தெருவை அவர் கயிறு பிடித்து, கெஞ்சி, நச்சரித்து உண்டாக்கியிருக்கிறார். நாளைக்குச் சாயங்காலம் கெசையா வந்து இறங்கும்போது இது பன்றி புரண்ட சேறாகக் கிடக்கும். அவள் கால்கூட ஊன்ற மாட்டாள். மூன்று வருஷமாக ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுவிட்டு ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்தவர் அவர்.

கூட்டத்தைக் கூட்டினார். தடுக்க முடியாது என்று அவருக்கே தெரியும். தங்கவயல்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, மண்ணுக்குள் தங்கம் இருந்தால் மேலே நிற்பது எதுவானாலும் வழிவிட வேண்டும். தோண்டலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்காத கை ஒன்றுதான், அது அவருடையது.

"சரி, தோண்டுங்க" என்றார் ஹாட்ச். "ஆனா எனக்கு இங்க, உனக்கு அங்கன்னு கத்திய எடுக்க விடமாட்டேன். ஊரக் கட்டம் கட்டமா பிரிப்போம். குலுக்கிப் போட்டு எடுப்போம். எவனுக்கு எந்தக் கட்டம் விழுதோ அதுதான் அவனுக்கு. எனக்குப் பங்கு வேணாம்."

இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பெண்களுக்குக் கூட்டத்தில் கை தூக்க உரிமை கிடையாது, ஆனாலும் கோழி ரெமெடியோஸ் அக்காவுடையது என்பதால் அவளுக்கும் ஒரு கட்டம் என்று பெரிய மனசோடு ஒத்துக்கொண்டார்கள். ஹாட்ச் தெரு நீளத்துக்கும், வீடுகளின் அடியையும் விடாமல், கட்டம் பிரித்து முளை அடித்தார். மேல்கோடி ஓக் மரத்தடியில் மட்டும் வேர் அதிகம் என்று முளை இறங்கவில்லை, அதை விட்டுவிட்டார். பீப்பாய் அடைக்கிற மரத்தக்கைகளில் சூட்டுக்கோலால் ஒவ்வொரு அடையாளம் போட்டு, அதே அடையாளத்தை முளைகளிலும் போட்டார். தக்கைகளைப் பீப்பாய்க்குள் போட்டு உருட்ட, ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் தன் கட்டத்தில் மண்வெட்டி போடாதவனுக்கு உரிமை போய்விடும். அது பழைய வழக்கம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவனவன் தன் தக்கையை வைத்துக்கொண்டு முளையைத் தேடிக் கிளம்பினான். அப்போதுதான் கூத்து ஆரம்பித்தது. டோலனுடைய கட்டம் ரெமெடியோஸ் அக்காவின் அடுப்புக்கு அடியில் இருந்தது. அக்காவின் கட்டம் கொல்லன் ரீஸின் உலைக்கு நேர் கீழே. ரீஸின் தக்கையில் இருந்த அடையாளம் டோலனின் சாராயக்கடைத் தரையில், பெரிய பீப்பாய்கள் நிற்கிற மூலையில் அடித்த முளையில் இருந்தது. ஊர் முழுக்க இப்படித்தான். ஒருத்தனுக்கும் தன் வீட்டடி விழவில்லை. இதை நான் யோசித்துச் செய்யவில்லை என்று ஹாட்ச் கடைசிவரைக்கும் சத்தியம் செய்தார். எங்களில் ஒருத்தரும் நம்பவில்லை.

டோலன் கடப்பாரையோடு அக்காவின் சமையலறைக்குள் நுழைந்தான். அக்கா தடுக்கவில்லை. "வா தம்பி, நல்லா தோண்டு. நான் ரீஸ் பட்டறைக்குப் போறேன். அவரு உன் கடைக்குத்தான் கிளம்பிட்டாரு, இப்பத்தான் இந்த வழியாப் போனாரு" என்றாள். டோலன் கடப்பாரையைக் கீழே வைத்தான். தெருவில் ஓடிப்போய் ரீஸைப் பிடித்தான். நீ தோண்டாதே, நான் தோண்டவில்லை, அக்காவும் தோண்டவில்லை என்று பேச்சு. அந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு தாவியது. ரொட்டிக்காரனுக்கும் லாயக்காரனுக்கும் அதே கதை, லாயக்காரனுக்கும் மருந்துக்கடைக்காரனுக்கும் அதே கதை. காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் மண்வெட்டியெல்லாம் சுவரோரம் சாய்ந்துவிட்டது. பொழுது சாயும்வரை இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் உரிமையெல்லாம் காலாவதி, தெரு பிழைத்தது. ஹாட்ச் முகம் கழுவி, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்து உதறினார்.

அப்போதுதான் ஜாகோ வந்தான்.

ஜாகோ கார்ன்வால்காரன். ஆற்றின் மேல்பக்கம், ஒருத்தரும் சீண்டாத ஒரு வளைவில், கிழிந்த கித்தானுக்கு அடியில் தனியாகக் கிடக்கிறவன். பனிக்காலம் முழுக்கத் தோண்டியும் ஒரு குருணை பார்க்காதவன். அவனுக்கு விழுந்த கட்டம் ஹாட்சின் புது வீட்டுக்கு அடியில். அவனுக்கென்று ஊரில் வீடு இல்லை, அதனால் யாரும் அவனைப் பதிலுக்குத் தோண்டிப் பயமுறுத்த முடியாது. ஹாட்சின் வாசற்படிக்குப் பக்கத்தில் மண்வெட்டியைச் செருகினான். எங்கள் வழக்கத்தில் செருகிய மண்வெட்டி என்றால் அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம், அதை வேறு எவனும் தொடக்கூடாது.

ஊரே அவனைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தன் தோண்டினால் போதும், எல்லாரும் தோண்டுவார்கள். டோலன் ஆயுசுக்கும் சாராயம் இலவசம் என்றான், தேவாலயத்தில் சத்தியம் செய்திருப்பதால் குடிப்பதே இல்லை என்று ஜாகோ சொன்னான். ரெமெடியோஸ் அக்கா ஒரு மாதச் சாப்பாடு தருகிறேன் என்றாள். அதற்கு மட்டும் அவன் எச்சிலை விழுங்கினான், ஆனால் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். ரீஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முஷ்டியை உயர்த்தினார்.

"ஊரு ஊருங்கறீங்க" என்றான் ஜாகோ. "உங்க எல்லாருக்கும் கூரை இருக்கு, கதவு இருக்கு. அதனால ஊரு வேணும். எனக்கு இந்த ஊருல என்ன இருக்கு? வாழ்நாள்ல மொதல் தடவையா ஒரு கட்டம் விழுந்திருக்கு. அதையும் விடச் சொல்றீங்க."

ஹாட்ச் அவனைப் பார்த்தார். அவனுடைய காலணி இரண்டும் வேறு வேறு ஜோடி. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ரீஸின் கையைப் பிடித்து இறக்கினார்.

"சீட்டு அவனுக்குத்தான் விழுந்திருக்கு. என் வீடுன்னு நான் இன்னிக்கு மாட்டேன்னா, நாளைக்கு நான் போடுற சட்டத்த எவன் மதிப்பான்? தள்ளுங்க, பலகையக் கழட்டணும்" என்றார்.

கோட்டைக் கழற்றிப் பீப்பாய்மேல் போட்டுவிட்டு, கதவிலிருந்து ஆரம்பித்தார். ஆணியைப் பிடுங்குகிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அந்தக் கதவுக்கு அவர் நாலு தரம் இழைப்புளி போட்டிருந்தார், கெசையாவின் பாவாடை சிக்கக்கூடாது என்று. பிடுங்குகிறபோது ஒரு ஆணி வளைந்துவிட்டது. அதை நிமிர்த்திச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தாங்கவில்லை.

ரீஸ் கிட்டே வந்து குனிந்து வீட்டின் அடியைப் பார்த்தார். இரண்டு உத்தரமும் நல்ல கனம். எதற்கு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்ற வேண்டும், வீட்டை அப்படியே நெம்பித் தூக்கி, அடியில் உருளைக்கட்டை கொடுத்து இழுத்துவிடலாமே என்றார். ஊருக்குள் எங்கே இழுத்தாலும் அது இன்னொருத்தன் கட்டம், ஓக் மரத்தடிதான் யாருக்கும் விழாத இடம். அங்கே கொண்டுபோய் வைப்பதாக முடிவானது. அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் தெருவில் ஆள் இல்லை. ஒருத்தன் கயிறு எடுக்க ஓடினான், ஒருத்தன் உருளைக்கட்டைக்கு, லாயக்காரன் கோவேறு கழுதைகளை ஓட்டிவரப் போனான். டோலன் தன் பெரிய பீப்பாய்களைத் தாங்கியிருந்த இரும்பு நெம்புகோலையே பிடுங்கிக்கொண்டு வந்தான். முதல் கயிற்றைப் பிடித்தவன் ஜாகோ. வீடு சீக்கிரம் நகர்ந்தால்தானே அவன் சீக்கிரம் தோண்ட முடியும்.

வீடு முனகிக்கொண்டே எழுந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியதில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு ரெமெடியோஸ் அக்கா உள்ளே போய் அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு தெருவுக்குள் இறங்கியது. அரை நாள் இழுத்தார்கள். பின்னாலிருந்து விடுபடுகிற உருளைக்கட்டையை எடுத்து முன்னால் போடுவதும், கழுதையைத் திட்டுவதும், கழுதையைவிட அதிகமாக டோலனைத் திட்டுவதுமாக வேலை நடந்தது. இடம் காலியானதும் ஜாகோ கயிற்றை விட்டுவிட்டுத் தன் மண்வெட்டியிடம் ஓடினான்.

வீடு சரியாகத் தெருவின் நடுவில், வழியை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ணங்கென்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி ணங். எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஜாகோ முழங்காலளவு குழியில் நின்றுகொண்டிருந்தான். அடியில் ஒரே பாறை, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரைக்கும் துடைத்து வைத்த மாதிரி வெறும் கரும்பாறை. மேலே எடுத்த மண்ணை ரீஸ் தட்டில் போட்டு அலசிப் பார்த்தார். ஒரு மினுக்குகூட இல்லை.

அப்படியானால் கோழி எங்கே தின்றது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரெமெடியோஸ் அக்கா ஜன்னலுக்குள்ளிருந்தே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டினாள். மிச்சமிருந்த கோழிகள் எல்லாம் டோலன் கடையின் பின்புறம், அவன் தரையைப் பெருக்கிக் கொட்டுகிற மரத்தூள் குவியலைக் குடும்பத்தோடு கிளறிக்கொண்டிருந்தன. குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் இடுப்புப் பையிலிருந்து தங்கப்பொடியைக் கிள்ளித்தான் டோலனுக்குக் கொடுப்பார்கள், நடுங்குகிற கையிலிருந்து சிந்துவது கொஞ்சமா? ஊரே சிந்திய தங்கத்தைத்தான் கோழி தின்றிருக்கிறது. டோலன் அந்தக் குவியலைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் தன் கையாலேயே பெருக்கித் தள்ளியதெல்லாம் தெரிந்தது. முதலில் ஒருத்தன் சிரித்தான், அப்புறம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஜாகோ மட்டும் சிரிக்கவில்லை. குழியை விட்டு ஏறி வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பழையபடி இங்கேயே வைத்துவிடுங்கள் தலைவரே என்று மெல்லச் சொன்னான்.

"வேணாம்பா. சீட்டு உனக்கு விழுந்தது. தங்கம் இல்லைன்னா இடம் இல்லாமப் போயிடுமா? பாறைமேல வீடு போட்டா ஆடாது. உன் கித்தானக் கொண்டுவந்து இங்க கட்டு. வாசலுக்கு ஒரு பீப்பாய் தர்றேன்" என்றார் ஹாட்ச்.

சொல்லிவிட்டுத் திரும்பியபோது பாலத்துப் பக்கம் வண்டியின் ஊதுகொம்பு கேட்டது. எல்லார் சிரிப்பும் அடங்கிவிட்டது. தெருவெல்லாம் முளை, உழுது போட்ட மாதிரி உருளைக்கட்டைத் தடம், நடுவில் வீடு. ஹாட்சின் கோட்டு எந்தப் பீப்பாய்மேல் கிடக்கிறது என்றுகூட அவருக்கு நினைவில்லை. வண்டி வந்து, மேலே போக வழியில்லாமல், வீட்டுக்கு முன்னால் நின்றது.

கெசையா இறங்கினாள். புழுதி படிந்த தொப்பி, கையில் ஒரு கூடை. கணவனை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இளைத்துவிட்டீர்கள் என்றாள். பிறகு வீட்டைப் பார்த்தாள்.

"எழுதியிருந்தீங்களே, வீடு. அது இதுதானா?"

"இதுதான்."

"நடுத்தெருவுல நிக்குது."

ஹாட்ச் ஒன்றையும் மறைக்கவில்லை. கோழியிலிருந்து பாறைவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். டோலன் நடுவில் புகுந்து கொஞ்சம் மெருகேற்றப் பார்த்தான், கெசையா திரும்பிப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டான். அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ரெமெடியோஸ் அக்காவுக்குத் தலையசைத்து வணக்கம் சொன்னாள். ஜாகோவிடம், நீதான் தோண்டினவனா, இனிமேல் எங்கே தங்குவாய் என்று கேட்டாள். அந்த இடத்தையே தலைவர் தனக்கு விட்டுவிட்டார் என்று அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வண்டிக்காரனுக்குப் பொறுமை இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றைத் தாண்ட வேண்டும், பெட்டியை இறக்குவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று கேட்டான்.

ஹாட்சால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான் கொஞ்சம் கூட்டித்தான் எழுதிட்டேன் கெசையா. இது இன்னும் ஊராகல" என்றார்.

"யாரு சொன்னா ஆகலன்னு?" என்றாள் கெசையா. "நானும் வர்ற வழியெல்லாம் எத்தனையோ கூடாரங்களப் பார்த்துட்டுத்தான் வர்றேன். அங்கெல்லாம் அவனவன் அவன் குழியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான். அடுத்தவன் வீட்டக் கயிறு கட்டி இழுக்குற ஆள இங்கதான் பார்க்கறேன். பெட்டிய இறக்குப்பா."

யாரோ தொப்பியை மேலே வீசினார்கள். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஓக் மரத்தடி வேண்டாம், வருஷம் முழுக்க இலை பெருக்க யாரால் ஆகும் என்றாள். தெருவை மேலும் கீழும் அளந்து பார்த்தாள். ஜாகோவின் குழியை ஒட்டி ஹாட்ச் மரக்கட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தில் அவள் விரல் நின்றது. அந்தக் கட்டம் தனக்கு விழுந்தது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரொட்டிக்காரன் முந்திக்கொண்டு சொன்னான்.

"அங்கயே போடுங்க. இந்தத் தம்பிக்கு அடுப்புப் போடுற வரைக்கும் யாராவது சாப்பாடு குடுக்கணுமில்ல, பக்கத்துல இருந்தா நல்லது" என்றாள். "என்ன எல்லாரும் நிக்கிறீங்க? இழுங்க. இருட்டுறதுக்குள்ள நான் உள்ள போய் அடுப்பு பத்த வைக்கணும்."

கழுதைகளைத் திருப்பிக் கட்டினார்கள். இந்தத் தடவை முதல் கயிற்றை ஹாட்ச் பிடித்தார், அவருக்குப் பின்னால் ஜாகோ, ரீஸ், டோலன் என்று ஊரே நின்றது. கெசையா கூடையோடு வீட்டுக்குள் ஏறிப் போய், அக்காவோடு சேர்ந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். வீடு நகர ஆரம்பித்தது. ஹாட்சுக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் அவரால் துடைக்க முடியவில்லை.